இம்ப்ரெஷனிசம் என்றால் மங்கலாக வரைவதா? மோனே முதல் மொரிஸோ வரை ஓர் எளிய அறிமுகம்

ஒரு ஓவியத்தில் கோடுகள் தெளிவாக இல்லாமல் வண்ணம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் போதும், ‘இம்ப்ரெஷனிசம்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். வான்கோவையும் அதில் சேர்த்துவிடுகிறோம். மானே, மோனே இருவரையும் ஒரே ஆள் என்று எண்ணிக் குழம்புகிறோம். ‘கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு மனதில் பட்டதை வரைவது’ என்று ஒரு விளக்கம் வேறு பரவலாகச் சுற்றுகிறது. இருப்பதிலேயே பெரிய தவறு அந்த விளக்கம்தான் என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில் மோனே, பிஸாரோ, சிஸ்லே போன்ற ஓவியர்கள் வெயிலிலும் பனியிலும் நின்று பிடிவாதமாகச் செய்ய முயன்ற காரியம் அதற்கு நேர் எதிரானது. மனம் இடையில் புகுந்து திருத்துவதற்கு முன், கண்ணில் வந்து விழும் ஒளியை அப்படியே பிடித்து வைக்கப் பார்த்தார்கள்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது. ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவர்களும் தொடரும்படி அடியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

வெள்ளை வேட்டி என்ன நிறம்?

மொட்டை மாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி காய்கிறது. என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்காமல் வெள்ளை என்போம். கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். வெயில் நேராகப் படும் பக்கத்தில் லேசாக மஞ்சள் ஏறியிருக்கும். மடிப்புகளுக்குள் நிழல் விழும் இடங்களில் நீலம் கலந்திருக்கும். தரையில் சிவப்பு ஓடு பதித்திருந்தால், தரைக்குப் பக்கத்தில் தொங்கும் ஓரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். மாலையில் போய்ப் பார்த்தால் மொத்தத் துணியும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும்.

இத்தனை நிறங்கள் கண்ணுக்குள் போயும் நாம் உணர்வது ‘வெள்ளை’ ஒன்றைத்தான். மேலே விழும் ஒளி மாறினாலும் பொருளின் நிறம் மாறவில்லை என்று மூளை கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. இதற்கு நிற நிலைப்பு என்று பெயர். வாழ்க்கை நடத்த இது அவசியம். காலையில் பார்த்த பழத்தை மாலை வெளிச்சத்திலும் அதே பழம் என்று அடையாளம் காண வேண்டுமே! ஆனால் ஒளியை வரைய நினைக்கும் ஓவியருக்கு இதுவே முதல் தடை.

நிழல் ஏன் நீலமாகிறது? சூரியன் நேராகப் படாத இடமும் முழு இருட்டாகிவிடுவதில்லை. அங்கே வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி திறந்த வானத்திலிருந்து வருவது. வானம் நீலம் என்பதால் நிழலிலும் நீலம் ஏறுகிறது. இதில் கற்பனைக்கு வேலையே இல்லை.

அதுவரை ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் நிழல் என்றால் பழுப்பு, சாம்பல், கறுப்பு என்றுதான் பழக்கினார்கள். 1868–69 குளிர்காலத்தில் மோனே வரைந்த ‘மேக்பை’ என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். பனி மூடிய ஒரு தோட்டம், ஒரு வேலி, படலின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை. அவ்வளவுதான் படம். ஆனால் வேலியின் நிழல் பனியின் மேல் நீலமாக விழுந்து கிடக்கிறது. பனியே வெண்மை, மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என்று பல நிறங்களால் ஆனது. 1869-இல் அதிகாரபூர்வக் கண்காட்சியின் நடுவர்கள் இதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் மக்கள் மிகவும் விரும்பிப் பார்க்கும் படங்களில் ஒன்று.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பொருளுக்கு நாம் தெரிந்து வைத்திருக்கும் நிறம் வேறு, இந்த நொடியில் அதிலிருந்து கண்ணுக்கு வரும் நிறம் வேறு. இம்ப்ரெஷனிஸ்டுகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு குழு, ஒரு கேலிப் பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில் ஓவியர் ஒருவர் பிழைக்க வேண்டுமானால் சலோனில் இடம் கிடைக்க வேண்டும். சலோன் என்பது பாரிஸில் நடந்த அரசு ஆதரவு பெற்ற பெரிய கண்காட்சி. எந்தப் படம் உள்ளே போகலாம் என்று ஒரு நடுவர் குழு தீர்மானிக்கும். புராணம், வரலாறு, பைபிள் காட்சிகளுக்கு முதல் மரியாதை. தூரிகை பட்ட தடமே தெரியாமல் வழவழவென்று முடித்திருக்க வேண்டும். 1863 சலோனில் அலெக்ஸாந்தர் கபனெல் காட்டிய ‘வீனஸின் பிறப்பு’ அப்படிப்பட்ட படம். பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அதை விலைக்கு வாங்கினார்.

அதே 1863-இல் நடுவர்கள் ஏராளமான படங்களை நிராகரித்ததால் எழுந்த கூச்சலைத் தணிக்க, நிராகரிக்கப்பட்டவற்றுக்குத் தனிக் கண்காட்சி நடத்தப் பேரரசர் உத்தரவிட்டார். எதுவார் மானேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ அங்கேதான் பெரிய சர்ச்சையானது. இளைய ஓவியர்கள் மானேயைச் சுற்றித் திரண்டது இதற்குப் பிறகுதான்.

பத்தாண்டுகள் கழித்து, சலோனை நம்பிப் பயனில்லை என்று சிலர் தாங்களே கூட்டுச் சங்கம் அமைத்தார்கள். 1874 ஏப்ரல் 15 அன்று, பாரிஸின் கபுசீன் சாலையில் புகைப்படக் கலைஞர் நாதார் காலி செய்திருந்த ஸ்டூடியோவில் முதல் கண்காட்சி தொடங்கியது. கட்டணம் ஒரு பிராங்க். ஏறத்தாழ 30 பேர் கலந்துகொண்டார்கள். மோனே, ரெனுவார், பிஸாரோ, சிஸ்லே, தெகா, பெர்த் மொரிஸோ, செசான் ஆகியோர் அதில் இருந்தார்கள்.

மோனே காட்டிய படங்களில் ஒன்று, 1872 என்று தேதியிட்ட லெ ஆவ்ர் துறைமுகக் காட்சி. அதை லெ ஆவ்ரின் காட்சி என்று சொல்லிவிட முடியாது என்று நினைத்து, ‘இம்ப்ரெஷன்’ (பார்த்ததும் பதியும் தோற்றம்) என்று போடச் சொன்னார். ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ என்று பட்டியலில் வந்தது. லூயி லெருவா என்ற விமர்சகர் ‘லெ ஷரிவாரி’ என்ற நையாண்டிப் பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி’ என்று தலைப்பிட்டுக் கிண்டல் செய்தார். சுவர்த்தாள்கூட இந்தக் கடல் படத்தைவிட முழுமையாக இருக்கும் என்று எழுதினார். 1877-இல் மூன்றாவது கண்காட்சி நடந்தபோது குழுவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

1874 முதல் 1886 வரை மொத்தம் எட்டுக் கண்காட்சிகள். எட்டிலும் பங்கேற்ற ஒரே ஓவியர் கமீல் பிஸாரோ.

இங்கே ஒரு முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். இம்ப்ரெஷனிசம் என்று சொல்லும்போது இரண்டு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். ஒன்று, சேர்ந்து கண்காட்சி நடத்திய ஒரு குழு. இன்னொன்று, ஒளியைப் பார்க்கும் ஒரு முறை. குழுவில் இருந்த எல்லோரும் ஒரே முறையில் வரையவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் தெகாவிடம் வரும்போது குழப்பம் வராது.

ஏன் அதற்கு முன்னால் நடக்கவில்லை?

வெளியே போய் வரைவது புதிதல்ல. ஓவியர்கள் வெளியில் குறிப்புப் படங்கள் வரைந்து, ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் பெரிய படமாக ஆக்குவது பழைய வழக்கம். வெளியிலேயே எண்ணெய் வண்ணத்தில் ஒரு படத்தை ஆரம்பித்து அங்கேயே பெரும்பகுதியை முடிப்பதுதான் கடினமாக இருந்தது. முன்பு அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். குத்தித்தான் வண்ணம் எடுக்க வேண்டும், பிறகு சரியாக மூட முடியாது, சீக்கிரம் கெட்டியாகிவிடும்.

1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரத்தில் செய்த, பிதுக்கி எடுக்கும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். மூடி போட்டால் வண்ணம் காயாமல் இருக்கும், பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். இந்தக் குழாய்கள் வராமல் போயிருந்தால் இம்ப்ரெஷனிசமே இருந்திருக்காது என்று ரெனுவார் சொன்னதாக அவருடைய மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். மிகைப்படுத்தல் அதிகம் இல்லாத பேச்சு அது.

குழாயோடு புதிய வண்ணங்களும் வந்தன. கோபால்ட் நீலம், செயற்கை அல்ட்ரமரீன் நீலம், விரிடியன் பச்சை, காட்மியம் மஞ்சள் எல்லாம் அந்த நூற்றாண்டின் வேதியியல் தந்தவை. உலோகப் பட்டை வைத்து முடியை இறுக்கும் தொழில்நுட்பத்தால் தட்டையான தூரிகைகள் கிடைத்தன. சதுரமாக, தடிமனாக ஒரே இழுப்பில் வண்ணத்தைப் பதிக்க அவை வசதி. அப்புறம் ரயில். பாரிஸின் சான்-லாஸார் நிலையத்தில் ஏறினால் சேன் நதிக்கரை ஊரான அர்ழாந்தெய்க்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம். மோனே 1871 முதல் 1878 வரை அங்கேதான் குடியிருந்தார். அந்த ரயில் நிலையத்தையும் 1877-இல் புகையும் கண்ணாடிக் கூரையுமாகத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

தீற்றல்கள் எப்படி வேலை செய்கின்றன?

தூரிகையை ஒரு தடவை கேன்வாஸில் இழுத்தால் பதியும் வண்ணத் தடம்தான் தீற்றல். இம்ப்ரெஷனிச ஓவியத்தில் இந்தத் தீற்றல்கள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். காரணம் அவசரம் மட்டும் அல்ல. அலையடிக்கும் தண்ணீர் ஒரு பரப்பாக இருப்பதில்லை. ஒரு துண்டு வானத்தைக் காட்டும், அடுத்த துண்டு கரையை, அதற்கடுத்தது படகின் சிவப்பை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தீற்றல் வைத்தால் தண்ணீர் தானாக உருவாகிறது. 1869 கோடையில் மோனேவும் ரெனுவாரும் பாரிஸுக்கு வெளியே லா கிரனுயேர் என்ற படகுத் துறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே காட்சியை வரைந்தார்கள். இந்த முறை அங்கேதான் நன்றாகத் தேறியது.

இனி அருகருகே வைக்கும் நிறங்களின் கதை. மிஷெல் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர் பாரிஸின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். கறுப்பு நூலில் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் எந்தக் குறையும் இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறம் மாற்றிவிடுகிறது என்று 1839-இல் விரிவாக வெளியிட்டார்.

இதில் எதிர் நிறங்கள் முக்கியம். வண்ணச் சக்கரத்தில் நேரெதிரே நிற்கும் ஜோடிகள்: நீலத்துக்கு ஆரஞ்சு, சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். ‘சூரிய உதயம்’ படத்தில் நீலச் சாம்பல் மூட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன ஆரஞ்சு வட்டம் அத்தனை பளிச்சென்று எரிவது இதனால்தான்.

அந்தச் சூரியனில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. படத்தைக் கைப்பேசியில் இறக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். ஒரு பரப்பிலிருந்து நிறத்தை நீக்கினால் மிஞ்சும் வெளிச்ச அளவுக்கு ஒளிர்வு என்று பெயர். மோனேயின் சூரியனுக்கும் அதைச் சுற்றியுள்ள மூட்டத்துக்கும் ஒளிர்வு ஏறக்குறைய ஒன்றே. ஹார்வர்டு நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதைச் சுட்டிக்காட்டி விளக்கியிருக்கிறார். ஒரு பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று பார்க்கும் மூளைப் பகுதி ஒளிர்வை மட்டுமே நம்புகிறது. நிறத்தைப் பார்க்கும் பகுதி வேறு. ஒன்றுக்குச் சூரியன் தெரிகிறது, மற்றொன்றுக்குத் தெரியவில்லை. அதனால்தான் அந்த வட்டம் நிலையாக நிற்காமல் துடிப்பதுபோல் இருக்கிறது. நரம்பியல் படிக்காத மனிதர் கண்ணை மட்டும் நம்பி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தீராத வியப்பு.

ஒரு தவறான விளக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘நீலத்தையும் மஞ்சளையும் புள்ளி புள்ளியாகப் பக்கத்தில் வைப்பார்கள், தள்ளி நின்று பார்த்தால் கண்ணில் கலந்து பச்சையாகிவிடும்’ என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அது சரியல்ல. அப்படிக் கண்ணில் கலந்தால் சாம்பல் பக்கம்தான் போகும். இம்ப்ரெஷனிஸ்டுகள் வண்ணத்தட்டிலும் கேன்வாஸிலும் தாராளமாக வண்ணம் கலந்தார்கள். பச்சைக்குப் பச்சைக் குழாயே கையில் இருந்தது. புள்ளி வைத்து ஓவியம் கட்டியது ஜார்ஜ் சூரா. அவர் அடுத்த தலைமுறை. கறுப்பே தொடமாட்டார்கள் என்பதும் பாதி உண்மைதான். மோனே பெரும்பாலும் தவிர்த்தார். ரெனுவாரின் ‘தியேட்டர் மாடம்’ படத்தில் நடுவில் இருக்கும் பெண்ணின் உடையில் கறுப்புப் பட்டைகள் கம்பீரமாக நிற்கின்றன.

ஆக, தனித்தனித் தீற்றல், அண்டை நிறங்களின் உறவு, ஒளிர்வைக் கையாளும் நுட்பம் இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த ‘மங்கல்’. கவனக் குறைவால் வந்தது எதுவும் அதில் இல்லை.

மோனே: ஒரே பொருள், நூறு வெளிச்சம்

கிளாட் மோனேயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ‘அரை மணி நேரத்தில் வரைந்து முடித்துவிடுவார்’ என்பது அவரைப் பற்றிய பொதுவான எண்ணம்.

1883-இல் ழிவெர்னி என்ற கிராமத்தில் குடியேறினார். 1890–91-இல் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த கோதுமைப் போர்களை வரையத் தொடங்கினார். வைக்கோல்போர் என்று பரவலாகச் சொன்னாலும் அவை அடிக்காத கதிரோடு கூடிய போர்கள். வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றிக்கொண்டே இருப்பார். காலைப் பனிக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. மறுநாள் அதே வெளிச்சம் வரும்போது அந்தந்தக் கேன்வாஸுக்குத் திரும்புவார். பொருளைச் சுற்றி எல்லாவற்றின் மேலும் படரும் அந்த ஒளி உறையைத்தான் தேடுகிறேன் என்று 1890 அக்டோபரில் விமர்சகர் நண்பர் குஸ்தாவ் ஜெஃப்ருவாவுக்கு எழுதினார். ஏறக்குறைய 25 படங்கள். அவற்றில் 15 படங்களை 1891-இல் ஒரே அறையில் காட்டினார்கள்.

அடுத்து ருவான் நகரத் தேவாலயம். 1892, 1893 ஆண்டுகளில் அதற்கு எதிரே இருந்த அறைகளில் உட்கார்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட கேன்வாஸ்களில் வேலை செய்தார். அதோடு முடியவில்லை. ழிவெர்னிக்குக் கொண்டுவந்து ஸ்டூடியோவில் மேலும் மேலும் வண்ணம் ஏற்றி, 1894 என்று தேதியிட்டார். வண்ணம் அப்பி அப்பிச் சுவரின் காரைபோல் சொரசொரப்பாகிவிட்டது. ஒரு நொடியின் ஒளியைப் பிடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கண்புரை வந்ததால்தான் மோனே மங்கலாக வரைந்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அவருக்குக் கண்புரை இருப்பது 1912-இல் தெரியவந்தது, 1923-இல் அறுவை சிகிச்சை நடந்தது. ‘சூரிய உதயம்’ அதற்கு நாற்பது ஆண்டுகள் முந்தையது. கடைசிக் கால அல்லிக்குளப் படங்கள் சிலவற்றில் சிவப்பும் பழுப்பும் கூடியதற்குக் கண்புரை காரணமாக இருக்கலாம், மொத்தப் பாணிக்கும் அதைக் காரணம் காட்ட முடியாது. அவர் 1926 டிசம்பரில் இறந்தார். பெரிய அல்லிப் படங்களுக்கென்றே அமைத்த ஓரான்ஜரி அருங்காட்சியக அறைகள் 1927-இல் திறக்கப்பட்டன.

ரெனுவார்: தோல் மேல் விழும் வெயில்

பியேர் ஒகுஸ்த் ரெனுவார் சிறுவயதில் பீங்கான் பாத்திரங்களுக்குப் பூ வரைந்து சம்பாதித்தவர். மோனேவுக்குத் தண்ணீர் என்றால் இவருக்கு மனிதர்கள். மரத்தடியில் கூட்டம் நடனமாடும் ‘மூலான் தெ லா கலேத்’ (1876) படத்தில் இலைகளுக்கு இடையே ஒழுகும் வெயில், கோட்டின் மேலும் தொப்பியின் மேலும் வட்ட வட்டமாக விழுகிறது. மொட்டை மாடி வேட்டியில் பார்த்த அதே கதைதான், இங்கே உயிருள்ள உடம்பின் மேல் நடக்கிறது.

1876 கண்காட்சியில் ரெனுவார் காட்டிய ஒரு பெண்ணுடல் ஓவியத்தில் இலை நிழல் பச்சையும் ஊதாவுமாகத் தோலில் விழுந்திருந்தது. ‘ஃபிகாரோ’ பத்திரிகையில் ஆல்பர் வோல்ஃப் அதை அழுகும் சதைக் குவியல் என்று எழுதினார். மூளை திருத்திப் பழகிய நிறத்துக்கும் கண் வாங்கும் நிறத்துக்கும் உள்ள மோதல் அது.

ரெனுவார் கடைசிவரை இப்படியே வரையவில்லை. 1881-இல் இத்தாலி போய்வந்த பிறகு உறுதியான கோடுகளைத் தேடினார். லண்டன் தேசியக் காட்சிக்கூடத்துக்குச் சொந்தமான ‘குடைகள்’ படத்தை இடைவெளி விட்டு இரண்டு கட்டமாக வரைந்திருக்கிறார். வலப்பக்கத்துக் குழந்தைகள் பஞ்சுபோல் மென்மை. இடப்பக்கத்துப் பெண் செதுக்கியதுபோல் தெளிவு. ஒரே கேன்வாஸில் ஓர் ஓவியர் மனம் மாறுவதைப் பார்க்கலாம்.

பிஸாரோ, சிஸ்லே

கமீல் பிஸாரோ கரீபியக் கடலில் அன்று டென்மார்க் வசம் இருந்த செயின்ட் தாமஸ் தீவில் 1830-இல் பிறந்தவர். குழுவில் மூத்தவர்களில் ஒருவர், செசானுக்கும் கோகனுக்கும் வழிகாட்டியவர். மோனே ஒளியைத் தேடிப் போனார் என்றால் பிஸாரோ மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டார். உழுத வயல், முட்டைக்கோசுத் தோட்டம், வேலை செய்யும் பெண்கள். அவருடைய தீற்றல்கள் சின்னவை, அடர்த்தியானவை, நெய்தது போன்றவை. 1870–71 பிரான்ஸ்-பிரஷ்யப் போரின்போது லண்டனுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, வீட்டில் தங்கியிருந்த பிரஷ்யப் படையினரால் அவருடைய பழைய படங்களில் பெரும்பாலானவை நாசமாகியிருந்தன. முதுமையில் கண் நோயால் வெளியே நிற்க முடியாமல் ஹோட்டல் ஜன்னலிலிருந்து வரைந்தார். 1897-இல் மோன்மார்த்ர் சாலையைப் பனி, மழை, வெயில், இரவு விளக்கு என்று வரைந்த தொடர் அப்படிப் பிறந்ததுதான்.

ஆல்ஃப்ரெட் சிஸ்லே பாரிஸில் பிறந்த ஆங்கிலேயர். கடைசிவரை நிலக்காட்சியை விட்டு நகராதவர். 1876-இல் போர்-மார்லியில் வெள்ளம் வந்தபோது அவர் வரைந்த படங்களில் வீடும் வானமும் தண்ணீரில் அமைதியாக நிற்கின்றன. வறுமையிலேயே 1899-இல் இறந்தார்.

தெகா: வெளியே போக மறுத்தவர்

எட்கார் தெகாவுக்கு இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரே பிடிக்கவில்லை. திறந்தவெளியில் நின்று வரைவதையும் அவர் விரும்பவில்லை. கோட்டோவியங்களையும் நினைவையும் வைத்து ஸ்டூடியோவில் திரும்பத் திரும்பத் திருத்தி வரைந்தார். இருந்தும் எட்டில் ஏழு கண்காட்சிகளில் பங்கேற்றார், ஏற்பாடுகளில் முன்னின்றார். குழு வேறு, முறை வேறு என்று முன்பு பார்த்தோமே, அதற்கு இவர்தான் முதல் உதாரணம்.

அவருடைய ஒளி மேடை விளக்கு. ‘நட்சத்திரம்’ என்ற படத்தில் பாலே நடனக்காரியின் முகத்தில் வெளிச்சம் கீழிருந்து மேலாக விழுகிறது. அவர் படங்களில் ஆள் நடுவில் நிற்கமாட்டார், ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருக்கும், தரை பாதிப் படத்தை எடுத்துக்கொள்ளும். ஜப்பானிய மர அச்சுப் படங்களிலிருந்து கற்ற துணிச்சல் அது. வண்ணப் பொடியை அழுத்திச் செய்த குச்சியான பேஸ்டலில் அவரளவுக்குச் சாதித்தவர்கள் குறைவு.

மொரிஸோ, கஸாட், கயிபோத்

பெர்த் மொரிஸோவின் பெயரைப் பல அறிமுகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. அது பெரிய அநியாயம். எட்டில் ஏழு கண்காட்சிகளில் கலந்துகொண்டவர் அவர். மகள் பிறந்த சமயத்தில் வந்த 1879 கண்காட்சியை மட்டும்தான் விட்டார். பிரான்ஸின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. வசதியான வீட்டுப் பெண் தனியாகத் தெருவிலோ மதுக்கடையிலோ உட்கார்ந்து வரையவும் முடியாது. அவருக்குக் கிடைத்த உலகம் தோட்டம், வராந்தா, தொட்டில், படகு. அதிலிருந்து அவர் செய்தது அசாத்தியம். ‘கோடை நாள்’ (1879) படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பாருங்கள். படகில் இரண்டு பெண்கள். தண்ணீர், உடை, வாத்து எல்லாமே குறுக்கும் நெடுக்குமாக வீசிய தீற்றல்கள். ஓரங்களை நிரப்பாமல் விடுவது அவர் பழக்கம். துணிச்சலில் மோனேவுக்கு ஒரு படி மேலே என்று நான் நினைக்கிறேன்.

மேரி கஸாட் அமெரிக்கர். தெகா அழைத்துக் குழுவில் சேர்ந்து 1879 முதல் பங்கேற்றார். தாயும் குழந்தையும் அவருடைய களம், ஆனால் இனிப்புப் பூசாமல் வரைவார். ‘குழந்தையின் குளியல்’ (1893) படத்தில் கோடுகள் உறுதியானவை, பார்வை மேலிருந்து கீழே விழுகிறது. அமெரிக்கச் செல்வந்தர்கள் இந்த ஓவியங்களை வாங்கத் தொடங்கியதில் அவருடைய ஆலோசனைக்குப் பெரும் பங்கு உண்டு.

குஸ்தாவ் கயிபோத் பணக்காரர், நண்பர்களின் படங்களை வாங்கி அவர்களைத் தாங்கியவர். அவருடைய ‘பாரிஸ் தெரு, மழை நாள்’ (1877) மங்கலாகவே இல்லை. கோடுகள் அளந்து போட்டதுபோல் இருக்கும், ஆனால் ஈரக் கற்களில் மினுங்கும் சாம்பல் வெளிச்சம் முழுக்க இம்ப்ரெஷனிசம். 1894-இல் இறந்தபோது தன் சேகரிப்பை அரசுக்கு எழுதி வைத்தார். அரசு நீண்ட இழுபறிக்குப் பிறகு ஒரு பகுதியை மட்டும் ஏற்றது. ஓர்சேயில் இன்று கூட்டம் மொய்க்கும் சில படங்கள் அந்தப் பகுதியிலிருந்து வந்தவை.

யார் இதில் சேரமாட்டார்கள்?

மானே இந்தக் குழுவோடு ஒருமுறைகூடக் கண்காட்சி வைக்கவில்லை. போராட வேண்டிய இடம் சலோன்தான் என்று கடைசிவரை நம்பினார். 1883-இல் இறந்தார். இவர்களுக்கு முன்னோடி, நண்பர், பின்னால் மொரிஸோவின் கணவரின் அண்ணன்.

வான்கோ 1886-இல் பாரிஸுக்கு வந்தபோது எட்டாவது, கடைசிக் கண்காட்சியின் ஆண்டு அது. இவர்களிடமிருந்து பிரகாசமான வண்ணத்தைக் கற்றார். ஆனால் 1889-இல் வரைந்த ‘விண்மீன் இரவு’ படத்தில் வானம் சுழல்வது கண் வாங்கிய ஒளியால் அல்ல. உள்ளே இருந்த வேகத்தைச் சொல்ல அவர் நிறத்தையும் கோட்டையும் வேண்டுமென்றே வளைத்தார். ‘மனதில் பட்டதை வரைவது’ என்ற விளக்கம் இவருக்குத்தான் பொருந்தும். சூரா அந்தக் கடைசிக் கண்காட்சியில் ‘கிரான்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’ படத்தை வைத்து, உடனடித்தன்மையை விட்டுவிட்டு ஒழுங்கின் பக்கம் போனார். செசான் முதலாவது, மூன்றாவது கண்காட்சிகளில் பங்கேற்றுவிட்டு, பொருளின் திடத்தைத் தேடி விலகினார். இவர்களை எல்லாம் சேர்த்துப் ‘பின் இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்ற பெயர் 1910-இல் லண்டனில் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சியிலிருந்து வந்தது.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

சிகாகோ கலை நிறுவனமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்களிடம் உள்ள இந்தக் காலத்து ஓவியங்களைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. சிகாகோவில் மட்டும் மோனேயின் கோதுமைப் போர்கள் ஆறு இருக்கின்றன. ஆறையும் திறந்து வைத்து, போரை விட்டுவிட்டு அதன் நிழலை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். எந்த நிழலில் என்ன நிறம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து படத்தைப் பெரிதாக்கி ஒரே ஒரு தீற்றலில் நில்லுங்கள். அது புல்லா, துணியா, தண்ணீரா என்று சொல்ல முடியாமல் போகும்வரை பெரிதாக்கி, பிறகு மெதுவாகச் சுருக்குங்கள். எந்த இடத்தில் அது பொருளாக மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அதே பயிற்சியை மொரிஸோவின் ‘கோடை நாள்’, கயிபோத்தின் மழைத் தெரு இரண்டிலும் செய்து பார்த்தால், ஒரே குழுவுக்குள் எத்தனை வேறு கைகள் இருந்தன என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.